கோலாவில் காஃபின் அளந்தேன், லேபிளை விட 70 சதவீதம் அதிகம் வருகிறது: எங்கே தவறு?

குடுவைக்காரன்
எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டு. கடையில் விற்கும் தேயிலையிலும் குளிர்பானங்களிலும் காஃபின் எவ்வளவு என்று அளப்பதுதான் என் புராஜெக்ட். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது கோலா. கலக்கி வாயுவை வெளியேற்றினேன். 10 மடங்கு நீர்க்கச் செய்து, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில், காஃபின் ஒளியை நன்றாக விழுங்கும் 273 நானோமீட்டர் அலைநீளத்தில் படித்தேன். உட்கவர்தல் (கரைசல் விழுங்கிய ஒளியின் அளவு) 0.83. லிட்டருக்கு 2, 5, 10, 15, 20 மில்லிகிராம் என்று காஃபின் அளவு தெரிந்த ஐந்து ஸ்டாண்டர்டு கரைசல்கள் செய்திருந்தேன். கோடு நேராக வந்தது, 10 மில்லிகிராமுக்கு 0.51. கணக்குப் போட்டால் பானத்தில் லிட்டருக்கு 163 மில்லிகிராம். லேபிளிலோ 100 மில்லிக்கு 9.6 தான், அதாவது லிட்டருக்கு 96. மூன்று பாட்டில் பார்த்துவிட்டேன், அதே எண்.

இரண்டாவது தேயிலை. மூன்று பைகளில் இருந்த 6 கிராம் இலையைக் கொதிக்க வைத்து, டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் பிரித்தேன். 0.11 கிராம் பச்சை கலந்த பொடி கிடைத்தது. 1.8 சதவீதம்தான் வருகிறது. படித்ததெல்லாம் 2 முதல் 4 சதவீதம் என்கிறது. கோலாவில் கூடுகிறது, தேயிலையில் குறைகிறது. என் கை சரியில்லையா, முறையே சரியில்லையா?

மூலக்கூறு_77
மூன்று பாட்டிலிலும் ஒரே எண் வந்தால் உங்கள் கை சரிதான் தம்பி. லேபிள்தான் பொய். தைரியமாக எழுதுங்கள்.

நிறமாலை
மூலக்கூறு, அவசரப்பட வேண்டாம். திரும்பத் திரும்ப ஒரே எண் வருவது ஒன்று, அந்த எண் சரியாக இருப்பது வேறொன்று. தவறான தராசில் மூன்று முறை நிறுத்தாலும் ஒரே எடைதான் காட்டும்.

நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடமாக இதே வேலை செய்கிறேன். குடுவைக்காரன், 273-இல் உங்கள் கருவி காஃபினைப் படிக்கவில்லை. 273-இல் ஒளியை விழுங்கும் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கிறது. கோலாவுக்குப் பழுப்பு நிறம் தருகிற கேரமல், புற ஊதாவில் நன்றாகவே விழுங்கும். சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தி சேர்த்த பானம் என்றால் அதுவும் கொஞ்சம். உங்கள் ஸ்டாண்டர்டு சுத்தத் தண்ணீரில் கரைத்த காஃபின். அதில் இவை எதுவும் கிடையாது. கோடு நேராக வந்ததில் எனக்கு வியப்பில்லை, ஆனால் அந்தக் கோட்டுக்கும் உங்கள் பானத்துக்கும் சம்பந்தம் குறைவு.

என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். இரண்டு சோதனை.

ஒன்று, 273-இல் மட்டும் நிற்காமல் 200 முதல் 400 வரை ஸ்கேன் எடுங்கள். சுத்தமான காஃபின் 320-க்கு மேல் ஏறக்குறைய எதையும் விழுங்காது. உங்கள் கோலா அங்கே என்ன காட்டுகிறது?

இரண்டு, காஃபின் இல்லாத கோலா என்று விற்கிறார்களே, அதில் ஒன்றை வாங்கி, இதே மாதிரி 10 மடங்கு நீர்த்துப் படியுங்கள். உங்கள் முறை சரி என்றால் சுழியத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

அப்புறம், குவெட் (கரைசலை ஊற்றிக் கருவியில் வைக்கும் சிறு கிண்ணம்) குவார்ட்ஸ்தானே? சாதாரணக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் இந்த அலைநீளத்தில் தாங்களே ஒளியை மறைத்துவிடும்.

குடுவைக்காரன்
குவார்ட்ஸ்தான் மேடம். நாளைக்கே இரண்டும் செய்துவிட்டு வருகிறேன்.

வடிதாள்
தேயிலைக் கணக்குக்கு நான் வருகிறேன். கல்லூரியில் இந்தப் பரிசோதனையை வருடா வருடம் செய்ய வைப்பவன். 6 கிராமுக்கு 0.11 என்பது மாணவர்களிடம் வழக்கமாகப் பார்க்கிற எண்தான். அது தேயிலையில் இருக்கிற காஃபின் இல்லை, உங்கள் கைக்கு வந்து சேர்ந்த காஃபின். வழியில் எங்கெல்லாம் சிந்தியிருக்கும் என்று பாருங்கள்.

வடித்த பிறகு இலையைப் பிழிந்தீர்களா? ஊறிய இலை நிறையத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் காஃபின் இருக்கிறது. இலையை அப்படியே குப்பையில் போட்டால் அதோடு போயிற்று. சூடான தண்ணீரில் இன்னொரு முறை கழுவிச் சேர்க்க வேண்டும்.

சோடியம் கார்பனேட் போட்டீர்களா? தேயிலைக்குத் துவர்ப்புத் தரும் டானின்கள் அமிலத்தன்மை உள்ளவை. காரம் சேர்த்தால் உப்பாக மாறித் தண்ணீரிலேயே தங்கிவிடும், காஃபின் மட்டும் கீழ் அடுக்கான டைகுளோரோமீத்தேனுக்குப் போகும். ஆனால் அந்த உப்புகள் சோப்பு மாதிரி நடந்துகொள்ளும். பிரிபுனலைப் பலமாகக் குலுக்கினால் இரண்டு அடுக்கும் கலந்து பால்மமாகிவிடும், மணிக்கணக்கில் பிரியாது. மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுங்கள். பால்மம் ஆகிவிட்டால் கொஞ்சம் சமையல் உப்பு உதவும்.

கடைசியாக, கரைப்பானை எத்தனை முறை ஊற்றினீர்கள்?

குடுவைக்காரன்
ஒரே முறை சார், 90 மில்லி. கார்பனேட் போட்டேன். இலையைப் பிழியவில்லை. பால்மம் வந்தது, கொஞ்சம் தண்ணீரோடு சேர்த்துக் கொட்டிவிட்டேன். உருகுநிலை பார்த்தேன், 218-இல் தொடங்கி 229 வரை இழுத்தது.

வடிதாள்
அப்படியானால் எடையில் காஃபினும் முழுசாக இல்லை, இருப்பதும் முழுக்கக் காஃபின் இல்லை. சுத்தமான காஃபின் 235 முதல் 238 டிகிரியில் உருகும். கீழேயே தொடங்கி 11 டிகிரி இழுக்கிறது என்றால் வேறு பொருள் கலந்திருக்கிறது. அந்தப் பச்சை, பச்சையத்தின் மிச்சம். ஆக 1.8-க்குள் ஒரு கூட்டல் பிழையும் ஒரு கழித்தல் பிழையும் சேர்ந்து ஒளிந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டி எண் 3 என்று வந்திருந்தால் நீங்கள் இங்கே கேட்டே இருக்க மாட்டீர்கள். அதுதான் எனக்குப் பயம்.

90 மில்லியை ஒரே தடவையாக ஊற்றியதைப் பற்றி. டைகுளோரோமீத்தேனில் காஃபின் தண்ணீரை விட 8 மடங்கு சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தேநீர் 100 மில்லி. ஒரே தடவை 90 ஊற்றினால் தண்ணீரில் மிஞ்சுவது 12 சதவீதம். அதையே 30, 30, 30 என்று மூன்று முறை பிரித்து ஊற்றினால் மிஞ்சுவது 2.5 சதவீதம்தான். கரைப்பான் அதே அளவு, செலவு அதே, பொறுமை மட்டும் கூடுதல்.

சுத்தம் செய்யப் பதங்கமாதல் முறை நல்லது. 178 டிகிரி அளவில் காஃபின் ஆவியாகி, குளிர்ந்த பரப்பில் ஊசி ஊசியாகப் படியும். அந்த வெள்ளை ஊசிகளை முதல் முறை பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கவனக்குறிப்பு
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியிலேயே கொதிக்கும், ஆவி நல்லதல்ல. ஃபியூம் ஹூட் என்ற புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே அதன் பாட்டிலைத் திறக்க வேண்டாம். ஆய்வகத்தில் எல்லோரும் போடும் நைட்ரைல் கையுறையை அது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். மேலே சிந்தினால் உடனே கழற்றுங்கள்.

ஸ்டாண்டர்டுக்கு வாங்கிய சுத்தக் காஃபின் பொடியையும் பூட்டி வையுங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் எச்சரிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு தேக்கரண்டி பொடி சுமார் 28 கோப்பை காபிக்குச் சமம். 1,200 மில்லிகிராமை வேகமாக உட்கொண்டாலே வலிப்பு வரலாம் என்கிறார்கள். அது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவுதான். பார்த்தால் சர்க்கரைத் தூள் மாதிரி இருக்கும். பெயர் எழுதாத டப்பாவில் ஒருபோதும் வேண்டாம்.

இலைக்கொழுந்து
ஒரு அடிப்படைக் கேள்வி. தேயிலையில் இருப்பது தெயின் என்ற வேறு பொருள், காஃபின் இல்லை என்று படித்தேன். அதனால்தான் தேநீர் மென்மையாக இருக்கிறதாம். அப்படியானால் காஃபின் ஸ்டாண்டர்டு வைத்துத் தேநீரை அளப்பது எப்படிச் சரியாகும்?

நிறமாலை
இரண்டும் ஒன்றே. ரூங்கே என்ற ஜெர்மன் வேதியியலர் 1819-இல் காபிக்கொட்டையிலிருந்து காஃபினைப் பிரித்தார். 1827-இல் தேயிலையிலிருந்து ஒன்றைப் பிரித்துத் தெயின் என்று பெயர் வைத்தார்கள். 1838-இல் இரண்டும் ஒரே பொருள் என்று தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே மூலக்கூறு, மூலக்கூறு எடை 194.19, அதே 273 நானோமீட்டர்.

தேயிலையில் கூடவே தியோப்ரோமினும் தியோஃபிலினும் சிறிய அளவில் உண்டு. இவை காஃபினின் உறவுக்காரர்கள், அதே அலைநீளத்தை ஒட்டி விழுங்குபவர்கள். நேரடியாகப் படித்தால் இவையும் காஃபின் கணக்கில் ஏறிவிடும். டானின் போன்ற பாலிஃபீனால்கள் அதைவிட அதிகமாக ஏறும். அதனால் தேநீரை நேரடியாகப் படிப்பது கோலாவைப் படிப்பதை விடவும் மோசம்.

குடுவைக்காரன்
மேடம், இரண்டும் செய்துவிட்டேன். தூக்கம் போய்விட்டது.

ஸ்கேனில் 320 நானோமீட்டரில் ஸ்டாண்டர்டு 0.00. கோலா 0.19. அங்கே காஃபின் இல்லாத இடத்தில் வேறு எதுவோ உட்கார்ந்திருக்கிறது.

காஃபின் இல்லாத கோலா 273-இல் 0.33. என் கோட்டில் வைத்தால் லிட்டருக்கு 65 மில்லிகிராம் காஃபின். காஃபினே இல்லாத பானத்தில்!

0.83-இலிருந்து 0.33-ஐக் கழித்தால் 0.50. அது லிட்டருக்கு 98. லேபிள் 96. இப்படியே கழித்து எழுதிவிடலாமா?

மூலக்கூறு_77
நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 65 என்பது என் வாயை அடைத்துவிட்டது.

நிறமாலை
மூலக்கூறு, நன்றி. இந்தப் பிழை எவ்வளவு பெரிது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் உள்ள பானத்தில் "அதிகக் காஃபின், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பரிந்துரைக்கப்படவில்லை" என்ற பொருளில் எச்சரிக்கை போட வேண்டும். 250 மில்லிக்கு 80 மில்லிகிராம் இருக்கும் ரெட் புல் போன்ற பானங்கள் அந்த வகை, லிட்டருக்கு 320. குடுவைக்காரனின் முதல் எண் 163. அதை அப்படியே அறிக்கையில் எழுதியிருந்தால், எந்தத் தப்பும் செய்யாத ஒரு பானம் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டிவிட்டது என்று ஆகியிருக்கும். பானத்தின் மேல் பழி போடுவதற்கு முன் முறையின் மேல் சந்தேகப்பட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

கழித்து எழுதலாமா என்றால், வேண்டாம். 98 அழகாக வந்திருக்கிறது, ஆனால் இரண்டு பானத்திலும் கேரமலும் பதப்படுத்தியும் ஒரே அளவு என்பதற்கு உங்களிடம் சான்று எதுவும் இல்லை. லேபிள் 96 என்று தெரியாமல் இருந்திருந்தால் இந்தக் கழித்தலை நம்பியிருப்பீர்களா? உங்கள் துறையில் எச்.பி.எல்.சி, அதாவது கலவையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கும் கருவி, இருக்கிறதா?

குடுவைக்காரன்
இருக்கிறது. சி18 வகைப் பிரிப்புக் குழாய் (column). வாரத்தில் இரண்டு நாள் கிடைக்கும்.

நிறமாலை
போதும். குழாய் வழியே ஓடும் திரவமாக (மொபைல் ஃபேஸ்) தண்ணீரும் மெத்தனாலும் கலந்தது, 273-இல் டிடெக்டர். கோலாவை அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்து வாயுவை முழுசாக எடுங்கள். குமிழி இருந்தால் பிப்பெட்டில் அளவே தவறும். 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்துவிட்டு ஏற்றுங்கள். சர்க்கரை முன்னாலேயே வெளியே போய்விடும், 273-இல் அது தெரியாது.

பென்சோயேட் பீக் (வரைபடத்தில் அதன் முகடு) காஃபினுக்குப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் மொபைல் ஃபேஸின் பி.எச்.ஐ மாற்றுங்கள். பென்சாயிக் அமிலத்தின் பி.கே.ஏ, அதாவது அதில் பாதி மின்னூட்டம் பெறும் பி.எச்., 4.2. அதற்கு மேலே போனால் அது மின்னூட்டம் பெற்றுச் சீக்கிரம் ஓடிவிடும், கீழே வந்தால் குழாயில் தங்கும். காஃபினுக்கு இந்தப் பி.எச். எல்லையில் மின்னூட்டமே கிடையாது, நின்ற இடத்திலேயே நிற்கும். ஒன்று நகர்ந்து ஒன்று நகராமல் இருப்பதைக் கண்ணால் பார்த்தால் எது எது என்று சந்தேகம் தீர்ந்துவிடும்.

தேநீரில் வேறு தொல்லை. கேட்டகின்கள் என்ற சில பாலிஃபீனால்கள் காஃபின் பீக்கின் பக்கத்திலேயே வெளிவரும். இலையில் மொத்தக் காஃபினை அளக்க ஐ.எஸ்.ஓ 10727 என்ற முறை இருக்கிறது. மக்னீசியம் ஆக்சைடு சேர்த்துக் கொதிநீரில் எடுத்து, வடித்து, எச்.பி.எல்.சி-யில் ஏற்றுவது. மக்னீசியம் ஆக்சைடு பாலிஃபீனால்களைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும். கரைப்பானும் வேண்டாம், பால்மமும் இல்லை.

மறக்காமல் மீட்புச் சோதனை செய்யுங்கள். பானத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் தெரிந்த அளவு காஃபினைச் சேருங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் கூடும்படி சேர்த்தால், 50 கூடுதலாகக் காட்ட வேண்டும். 35 காட்டினாலோ 70 காட்டினாலோ முறையில் ஓட்டை இருக்கிறது.

இலைக்கொழுந்து
தேயிலையில் காபிக்கொட்டையை விடக் காஃபின் அதிகம் என்கிறார்களே, அது உண்மையா? பச்சைத் தேயிலையில் குறைவு என்பதும்?

வடிதாள்
எடைக்கு எடை பார்த்தால் உண்மைதான். அரபிகா காபிக்கொட்டையில் 1.2 சதவீதம் அளவு, தேயிலையில் 2 முதல் 4. ஆனால் ஒரு கோப்பைக்குப் போடுகிற தேயிலை 2 கிராம், காபித்தூள் அதைப் போலப் பல மடங்கு. அதனால் கோப்பையில் கணக்கு தலைகீழாகிவிடும். சதவீதம் என்று மட்டும் சொல்லிவிட்டு எதற்குச் சதவீதம் என்று சொல்லாமல் விடுவதில்தான் பாதிக் குழப்பம்.

பச்சையா கருப்பா என்பதை விடக் கொழுந்தா முற்றிய இலையா என்பது முக்கியம். மொட்டிலும் இளம் இலையிலும் கூடுதல்.

மார்கழிப்பூ
நான் வேதியியல் படித்தவள் இல்லை. ஐந்தாவது மாதம். ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கும்படி சொன்னார்கள். குளிர்பானத்தில் எண் போட்டிருக்கிறது, தேயிலைப் பெட்டியில் எதுவும் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு எண். எதை நம்புவது? முதல் 30 விநாடித் தண்ணீரைக் கொட்டிவிட்டால் காஃபின் போய்விடும் என்று அக்கா சொல்கிறாள்.

நிறமாலை
வாழ்த்துகள் அம்மா. உங்கள் கேள்விதான் இந்த இழையிலேயே முக்கியமானது.

தேயிலைப் பெட்டியில் எண் இல்லாததற்குக் காரணம் உண்டு. கோலாவில் காஃபினைத் தொழிற்சாலையில் அளந்து போடுகிறார்கள். கோக கோலாவில் 355 மில்லிக்கு 34 மில்லிகிராம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் அதுதான். தேநீரில் எவ்வளவு காஃபின் என்பதை நீங்கள் அடுப்படியில் தீர்மானிக்கிறீர்கள். எவ்வளவு இலை, எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம். ஐரோப்பிய எச்சரிக்கை விதியிலும் தேநீர், காபி என்று பெயரிலேயே சொல்லி விற்கும் பானங்களுக்கு விலக்கு இருக்கிறது.

ஆனால் ஒன்று நிச்சயம். இலையில் இருப்பதை விட அதிகமாகக் கோப்பைக்கு வராது. 2 கிராம் பை, 4 சதவீதம் என்று வைத்தால் 80 மில்லிகிராம். அதை உச்சவரம்பாகக் கணக்கில் வையுங்கள். உண்மையில் கோப்பைக்கு வருவது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

30 விநாடி கொட்டுவதை நம்ப வேண்டாம். அதில் போவது சிறு பங்குதான், காஃபின் நிமிடக் கணக்கில் இறங்குகிறது. நறுமணம்தான் முதலில் போகும்.

சாக்லேட்டிலும் சில தலைவலி மாத்திரைகளிலும் காஃபின் உண்டு, அதையும் மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். 200 என்பது எல்லாம் சேர்த்து. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன எண்ணும் அதுதான். கர்ப்பமில்லாத பெரியவர்களுக்கு 400.

குடுவைக்காரன்
மூன்று வாரம் கழித்து வருகிறேன். எண்கள் இதோ.

கோலா, எச்.பி.எல்.சி-யில் லிட்டருக்கு 94. மீட்பு 97 சதவீதம். பென்சோயேட் முதல் நாள் காஃபினோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தது. பி.எச். மாற்றியதும் நீங்கள் சொன்னபடியே அது மட்டும் நகர்ந்து போனது மேடம். திரையில் அதைப் பார்த்தபோது கைதட்டத் தோன்றியது.

தேயிலை, மக்னீசியம் ஆக்சைடு முறையில் 2.9 சதவீதம். அதாவது 2 கிராம் பையில் 58 மில்லிகிராம். வடிதாள் சார் சொன்னபடி இலையைக் கழுவி, மூன்று முறை பிரித்து ஊற்றி, பதங்கமாக்கிய பிறகு பழைய முறையில் 2.4 வந்தது. உருகுநிலை 234 முதல் 237. ஊசிகளைப் பார்த்துவிட்டேன் சார்.

மார்கழிப்பூ அக்கா கேட்டதால் இன்னொன்றும் செய்தேன், புராஜெக்ட்டில் இல்லாதது. ஒரு பை, 200 மில்லி கொதிநீர். 1 நிமிடத்தில் 21 மில்லிகிராம். 3 நிமிடத்தில் 41. 5-இல் 49. 10-இல் 53. ஒவ்வொன்றும் மூன்று முறை செய்த சராசரி.

வடிதாள்
நன்று. 163 வந்ததையும் 65 வந்ததையும் அறிக்கையில் விடாமல் எழுதுங்கள். சரியான எண்ணை மட்டும் எழுதினால், அடுத்த வருடம் வருபவர் மறுபடியும் 273-இல் நேரடியாகப் படித்துவிட்டு இங்கே வந்து நிற்பார்.

மார்கழிப்பூ
தம்பி, எனக்காகச் செய்ததற்கு ரொம்ப நன்றி. என் பை வேறு கம்பெனி, அதனால் உங்கள் 41-ஐ எடுத்துக்கொள்ளவில்லை. மேடம் சொன்ன 80-ஐத்தான் வைத்தேன். இரண்டு கோப்பை 160, என்றாவது ஒரு கோலா 34, மொத்தம் 194. மூன்றாவது கோப்பையை விட்டுவிட்டேன். பையை 3 நிமிடத்தில் எடுத்துவிடுகிறேன்.

நிறமாலை
சரியான கணக்கு அம்மா. கோலா குடிக்கும் நாளில் சாக்லேட் வேண்டாம்.